பாதி விலைக்கு வார்ஹாமர் பெட்டி என்று யாராவது சொன்னால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

வார்ஹாமர் என்பது குட்டிக் குட்டி வீரர் பொம்மைகளை வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, படையாக வைத்து மேசையில் ஆடும் போர் ஆட்டம். பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் எனக்குத் தெரிந்து வார்ஹாமர் ஆடுகிறவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். அதில் நான்கு பேரை ஒரே ஆள் ஏமாற்றியிருக்கிறார். மொத்தம் 41,500 ரூபாய். பணம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. அந்த ஆள் மறுபடியும் விற்க வந்திருப்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஜமாவில் கடைசியாகச் சேர்ந்தவன் கொடுங்கையூர்த் தம்பி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் வீடு வீடாகத் தண்ணி கேன் போட்டுவிட்டு வகுப்புக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பூரில் நண்பர் வீட்டு மாடியில், பழைய கதவுப் பலகையை மேசையாகப் போட்டு ஆடுவோம். ஒரு வருஷம் முழுக்க எங்கள் பொம்மைகளை இரவல் வாங்கித்தான் அவன் ஆடினான். சொந்தமாக ஒரு படை வேண்டும் என்று 14,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான்.

2024 மே மாதம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் வந்தது. வார்ஹாமரில் ஒரு வகையான ஏஜ் ஆஃப் சிக்மர் ஆட்டத்தின் ஸ்டார்ம்காஸ்ட் படை, சீல் பிரிக்காத பெட்டிகள், பாதி விலை. விற்றவர் கடை வைத்திருப்பவர் கிடையாது, தனி ஆள். நாங்கள் பெரும்பாலும் இன்னொரு வகையான வார்ஹாமர் 40,000 ஆடுகிறவர்கள். சிக்மர் பக்கம் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆட்ட விதிகளின் புதுப் பதிப்பு வந்தால் சில பொம்மைகளைப் போட்டிகளில் ஆட முடியாமல் போகும். அதனால் நானே போன் போட்டு நேராகக் கேட்டேன்.

"பாஸ், புதுப் பதிப்பு வருதுன்னு சொல்றாங்களே, இதெல்லாம் அப்புறமும் செல்லுமா?"

"தாராளமா செல்லும் பாஸ். ஸ்டார்ம்காஸ்ட் அவங்களோட மெயின் ஆர்மி. அதைப் போய்த் தூக்குவாங்களா?"

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் நம்பினேன். தம்பி தன் 14,000 ரூபாயைக் கொடுத்தான், நான் 11,500 போட்டேன், மற்ற இருவர் சேர்ந்து 16,000. பெரம்பூர் ரயில் நிலைய வாசலில் வைத்துப் பெட்டிகளை வாங்கினோம், பணத்தை ஜிபே பண்ணினோம். பில் கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால், அதற்கு முந்தைய மாதமே, அதாவது 2024 ஏப்ரலில், வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் எந்தெந்தப் பொம்மைகள் விற்பனையிலிருந்து விலகுகின்றன என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. ஸ்டார்ம்காஸ்ட் என்ற பெயர் இருக்கும். ஆனால் அதற்குள் சாக்ரோசாங்க்ட் என்ற பிரிவு, நாங்கள் வாங்கிய சீக்விட்டர்களும் காஸ்டிகேட்டர்களும் அடங்கிய பிரிவு, போகிறது. போட்டிகளுக்கான விதிகள் 2025 கோடை வரைதான். இந்தப் பொம்மைகள் 2018இல் சோல் வார்ஸ் என்ற பெட்டியில் அறிமுகமானவை. ஆறே வருஷம்தான் ஓடியிருக்கின்றன. அதே அறிவிப்பில் பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ் என்ற ஆட்டுத்தலைப் படை முழுவதுமே சிக்மர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றது. அறிவிப்பைப் படிக்காமல் பணம் போட்டது என் தவறு. தம்பி என்னை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தான்.

பெட்டிகளைப் பிரித்த பிறகு இன்னும் இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. கூடவே 3,000 ரூபாய்க்குத் தலையில் கட்டிய படைப் புத்தகத்தில் (அந்தப் படைக்கான விதிகள் உள்ள புத்தகம்) ஆட்டத்தின் செயலிக்கான குறியீடு ஒன்று இருக்கும். அது ஒரு முறைதான் செல்லும். தம்பி போட்டுப் பார்த்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. யாரோ படித்து முடித்த புத்தகத்துக்கு மறுபடி பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அடுத்தது, தனியாகப் பையில் வந்த தலைவன் பொம்மை. பிளாஸ்டிக் பசை அதில் ஒட்டவே இல்லை. அந்தப் பசை பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து ஒட்டுகிற வகை, அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசினில் வேலை செய்யாது. பிளாஸ்டிக்கில் வர வேண்டிய பொம்மையை யாரோ அச்செடுத்து ரெசினில் வார்த்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் மேலங்கியின் ஓரத்தில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள்.

கூப்பிட்டுக் கேட்டதற்கு, "பாஸ், பொருள் பார்த்துத்தானே வாங்குனீங்க" என்றார். இரண்டாவது முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை என் எண்ணையே பிளாக் செய்திருந்தார். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், பில்லும் கடை விவரமும் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஜிபே ரசீதும் ஒரு போன் நம்பரும் மட்டும்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பரவால்லண்ணா, இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்குல்ல" என்று பெயிண்ட் அடிக்க உட்கார்ந்துவிட்டான். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்பிரே பிரைமர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். வெயில் காய்ந்த மதியம் பார்த்து மாடிக்கு வந்து அடிப்பான். கவசத்தின் ஒவ்வொரு விளிம்புக்கும் தனியாகக் கோடு இழுத்தான். பரீட்சை, வேலை என்று இடையில் நின்று நின்று, முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அவனுடைய முதல் வெளியூர்ப் போட்டிக்கு, பெங்களூருக்கு, நான்தான் கூட்டிப்போனேன். 2025 அக்டோபர். படைப்பட்டியலைப் பார்த்த அமைப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். இந்தப் பிரிவுக்கு இப்போது விதி கிடையாது, வேண்டுமானால் வேறு படை இரவல் தருகிறேன் என்றார். தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் பெயிண்ட் பண்ணது நல்லா இல்லையாண்ணா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் நிறுவனத்தைப் பற்றியும் சொல்கிறேன்.

எங்களை ஏமாற்றியது அந்த விற்பனையாளர். நிறுவனம் எதையும் ஒளிக்கவில்லை, ஒரு வருஷ அவகாசமும் கொடுத்தது. ஆனால் அந்த ஏமாற்று எடுபட்டது நிறுவனத்தின் கொள்கையால்தான். சிக்மரின் பதிப்புகள் வந்த வருஷங்களைப் பாருங்கள்: 2015, 2018, 2021, 2024. வார்ஹாமர் 40,000இன் கடைசிப் பதிப்புகள்: 2017, 2020, 2023. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புத்தகம் காலாவதியாகிறது, சில பொம்மைகளும் கூடவே போகின்றன. லண்டனில் இருப்பவருக்கு அது ஒரு செய்தி. அங்கே விலை இறங்கிய சரக்கு கை மாறிக் கை மாறி, செய்தியை அறியாத கடைசி ஆளிடம் வந்து நிற்கிறது. இந்த முறை அந்தக் கடைசி ஆள் கொடுங்கையூரில் இருந்தான்.

இங்கே சென்னையில் அவர்களுக்குச் சொந்தக் கடை கிடையாது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரி. பொம்மைகளுக்கான அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அதற்குப் பயந்துதான் இந்த மாதிரித் தனி ஆட்களிடம் போகிறோம்.

எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் கிளப் உண்டு. அப்பா காலத்துப் போர்டில் பேத்தி ஆடுகிறாள். பழைய ஸ்டிரைக்கர் இனிமேல் செல்லாது என்று மூன்று வருஷத்துக்கொரு முறை யாரும் வந்து சொல்வதில்லை. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாக ஆன கம்பெனிக்கு, ஆறு வருஷப் பொம்மைக்குத் தொடர்ந்து விதி எழுதுவது பெரிய செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. 2015இல் அவர்களே மூடிய பழைய வார்ஹாமர் உலகத்தை, 2024 ஜனவரியில் தி ஓல்டு வேர்ல்டு என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் படையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் பாவம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பெட்டியின் பெயரையும் உள்ளே உள்ள பொம்மைகளின் பெயரையும் நிறுவனத்தின் தற்போதைய விற்பனைப் பட்டியலில் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால், லெஜண்ட்ஸ் என்ற ஓய்வுப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். படையின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். நான் அப்படித்தான் மாட்டினேன். புத்தகம் எந்தப் பதிப்புக்கானது என்று கேளுங்கள். குறியீட்டை எதிரிலேயே செயலியில் போட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பிளாஸ்டிக் பொம்மை என்றால், பாகங்கள் வெட்டப்படாமல் பிளாஸ்டிக் சட்டகத்தோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். உதிரியாகப் பையில் வருவதை வாங்காதீர்கள். பில் கொடுக்காதவரிடம், "இந்தப் பொருள் இப்போதைய பதிப்பில் செல்லும்" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். என் கேள்விக்கு அவர் போனில் வாயால் சொன்ன பதிலுக்கு இன்று என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை.

போன வாரம் வேறொரு குழுவில், வேறொரு பெயரில் அவருடைய விளம்பரத்தைப் பார்த்தேன். போன் நம்பர் அதேதான். இந்த முறை வார்ஹாமர் 40,000 பெட்டிகள், பாதி விலை, நாலைந்து செட்தான் இருக்கிறதாம். 2017, 2020, 2023. அடுத்த எண் என்னவென்று எண்ணிப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் எழுதுங்கள்.