கீரைத் தொட்டியிலிருந்து பொறியியலுக்கு: வேளாண் பொறியியலா, கருவியியலா?

அறைக்குள் எல்இடி விளக்கின் கீழ், மண்ணில்லாமல் கீரை வளர்க்கும் பிளஸ் டூ மாணவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வேளாண் பொறியியல். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கோவையிலும் திருச்சி மாவட்டக் குமுளூரிலும் இதைக் கற்பிக்கிறது. மற்றொன்று, அளந்து கட்டுப்படுத்தும் கருவிகளைப் பற்றிய மின்னணு மற்றும் கருவியியல்.

பெயரைப் பார்த்து முதலாவதில் சேர்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பண்ணை இயந்திரங்கள், பாசனம், மண்வளப் பாதுகாப்பு, அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்தல் ஆகியவையே பாடத்தின் பெரும்பகுதி. பசுமைக்குடில் அதில் சிறு பங்குதான். வயலில் இறங்க விரும்புவோருக்கு அருமையான படிப்பு.

அறைக்குள் வளர்ப்பதன் சிக்கலோ வேறு. சத்துகள் கரைந்த நீரிலிருந்து செடி நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்ச, அந்தக் கரைசலின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறும், அதை 5.5 முதல் 6.5-க்குள் நிறுத்தியாக வேண்டும். கண்ணாடி முனை கொண்ட உணரி அளக்கிறது, கட்டுப்பாட்டுக் கருவி கணக்கிடுகிறது, சிறு பம்பு சொட்டுச் சொட்டாக அமிலம் விடுகிறது. விட்ட அமிலம் முழுதும் கலப்பதற்குள் மறுபடி அளந்து மீண்டும் விட்டால், பிஎச் ஒரேயடியாகச் சரிந்துவிடும். இந்தத் தாமதத்தைச் சமாளிக்கும் வித்தைதான் கருவியியலின் உயிர்நாடி. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், மருந்து ஆலை, சர்க்கரை ஆலை என எங்கும் இதற்கு வேலை இருக்கிறது.

அதனால் என் வாக்கு கருவியியலுக்கே. பம்பைவிடச் செடியின் மேல்தான் ஆசை என்றால், தோட்டக்கலைப் பட்டப்படிப்பையும் ஒரு பார்வை பாருங்கள்.