கூடை சரி, பானைதான் தண்டம்

எங்கள் பாங்காக் ஃபிளாட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. க்ளோங் தேய் சந்தையில் 'ஹுவாட்' வாங்கியபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஹுவாட் என்றால் ஒட்டரிசி அவிக்கிற மூங்கில் கூடை. கூம்பு மாதிரி இருக்கும், கவிழ்த்துத் தலையில் தொப்பியாகவே போட்டுக்கொள்ளலாம். கூடவே இடுப்பு சிறுத்து வாய் விரிந்த ஒரு அலுமினியப் பானை. இரண்டும் சேர்த்து 260 பாட். மாம்பழ ஒட்டரிசி இனிப்பைக் கடையில் வாங்கித் தின்றே காசு கரைகிறதே, வீட்டில் செய்து பார்க்கலாம் என்று வாங்கியது.

அரிசியை ஆறு மணி நேரம் ஊறவைத்துப் பானையை அடுப்பில் ஏற்றினால், பீப் பீப் என்று கத்திவிட்டு அடுப்பு அணைந்துவிட்டது. இண்டக்‌ஷனுக்கு அலுமினியம் ஆகாதாம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்கவில்லை. அன்றைக்கு இட்லிப் பானையில் துணி போட்டு ஒப்பேற்றியதில் அடி குழைந்து நடு நறுக்கென்று நின்றது.

மறுநாள் உயரமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்றில் கூடையைச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கூடையின் நுனி தண்ணீரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். பக்கத்து ஃபிளாட் அம்மாவை 'பா' என்று கூப்பிடுவோம், நம் பெரியம்மா முறை. கால் மணி நேரம் ஆனதும் அவர் கூடையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி எத்தினார். மொத்த அரிசியும் ஒரே உருண்டையாக எழும்பி, மேல்பக்கம் கீழாக விழுந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை. கூடையின் அருமை அப்போதுதான் புரிந்தது. இட்லித் துணியில் இந்த வித்தை நடக்காது. இன்னும் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு அரிசியும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

அரை கிலோ அரிசிக்கு 300 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 200 கிராம் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, வாசனைக்கு ஒரு ரம்பை (பாண்டன்) இலை. பால் தளதளவென்று கொதிக்க வேண்டாம், சர்க்கரை கரைந்தால் போதும். அரிசியும் சூடு, பாலும் சூடு, அப்படியே ஊற்ற வேண்டும். முதலில் கஞ்சி மாதிரி மிதக்கும். பதறாமல் மூடிவைத்தால் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் குடித்துவிடும். எனக்குக் காரைக்குடிக் கை. கவுனி அரிசியைக் குழையவிட்டுக் கிளறிய பழக்கத்தில் முதல் தடவை கரண்டியைப் போட்டுத் துழாவிப் பசையாக்கிவிட்டேன். லேசாகப் புரட்டினால் போதும்.

அரிசியில் கியாவ் ங்கூ என்ற ரகம் கேளுங்கள். 'பாம்புப் பல்' என்று பொருள், நீள நீளமாக இருக்கும். மாம்பழத்தில் எல்லோரும் 'நாம் தொக் மாய்' ரகம் வாங்குவார்கள், பார்வைக்கு அதுதான் அழகு. எனக்கென்னவோ 'ஒக் ரோங்' ரகம்தான் பிடிக்கிறது. சின்னப் பழம், கொஞ்சம் நார் உண்டு, ஆனால் அந்த வாசனையும் தித்திப்பும் வேறு. ஏப்ரல், மே மாதங்களில் வாங்குங்கள்.

கூடையிலும் ஒரு தொல்லை உண்டு. புதுசில் பச்சை மூங்கில் வாசம் அரிசியில் ஏறியது, ஒரு தடவை வெந்நீரில் வேகவைத்த பிறகுதான் போனது. மழைக்காலத்தில் கழுவி ஈரத்தோடு அலமாரியில் வைத்தேன், ஒரே வாரத்தில் கரும்புள்ளியாகப் பூசணம். தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினேன். கூடையைத் தனியாகவும் தருகிறார்கள், 60 பாட். இப்போது அது பால்கனிக் கொடியில் தொங்குகிறது. அலுமினியப் பானையின் அடியில் ஓட்டை போட்டு ரம்பைச் செடி வைத்திருக்கிறேன். கேஸ் அடுப்பு இருந்தால் இரண்டையும் வாங்குங்கள், இல்லாவிட்டால் கூடை மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, மேலே அரிசிமாவு கரைத்துக் காய்ச்சிய தேங்காய்ப்பால் விட்டு, வறுத்த சிறுபருப்பு தூவிப் பக்கத்து ஃபிளாட் பெரியம்மாவுக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது, கூடவே ஒரு சேதியும்: அரிசி நன்று, மேலே விட்ட பாலில் உப்பு பத்தவில்லை.