தேனுக்கும் மேப்பிள் பாணிக்கும் ஒரே கருவி: நாலு வருசத்துக்குப் பிறகு

இந்த வசந்தத்தில் முதன்முறையாக 30 மேப்பிள் மரத்தில் சாறு எடுக்கத் துளை போடப்போகும் நண்பன் நேற்றுக் கேட்டான்: "மச்சான், உன்னட்ட இருக்கிற அந்தத் தேன் ரிஃப்ராக்டோமீட்டர் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டா?" ஒரு துளி வைத்தால், அதில் ஒளி வளைவதைக் கொண்டு சீனி அளவு காட்டும் கருவி அது. போனில் பாதிதான் சொன்னேன், மீதி இங்கே.

ஒன்ராறியோவில் எங்களுடையது சின்னப் பண்ணை, 6 தேன்பெட்டி, 60 மரம். கருவி 58 முதல் 90 பிரிக்ஸ் (நூற்றுக்கு எத்தனை பங்கு சீனி என்ற கணக்கு) வரை காட்டும் வகை. பாணி 66-இலும் தேன் 80-க்கு மேலும் நிற்பதால் ஒன்றே போதும் என்று வாங்கினேன்.

தொல்லை அளவு சரிபார்ப்பதில்தான். தண்ணீர் விட்டுப் பார்க்க முடியாது. தண்ணீர் பூச்சியம், இதன் கோடு தொடங்குவதே 58-இல். அளவு சரிபார்க்கவென்று கூட வந்த எண்ணெய்க் குப்பி சுண்டுவிரல் நுனியளவு, முதல் வருசமே எங்கேயோ உருண்டு போனது. பிறகு குசினி ஒலிவ் எண்ணெய்தான். அது 71, 72 என்று ஆடும். தேனுக்குப் பரவாயில்லை, பாணிக்கு அந்த ஒரு புள்ளியே வம்பு: 66-க்குக் கீழே பூஞ்சணம், 68-ஐத் தாண்டினால் போத்தல் அடியில் கற்கண்டு. இரண்டாம் வருசம் கருவி கீழே விழுந்து அளவு திருத்தும் திருகு அசைந்ததைக் கவனிக்காமல் 11 போத்தலில் கற்கண்டு விளைவித்தேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 40 லீற்றர் சாறு வற்றினால்தான் 1 லீற்றர் பாணி, எனக்கு வயிறு எரிந்தது.

கொதிக்கிற பாணியில் இதை நம்பவே கூடாது. கண்ணாடியில் ஆவி படியும், துளி ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றால் அடுப்புத் தட்டில் இருப்பது பதம் தாண்டிவிடும். அடுப்படியில், பாணியில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர்தான் ராஜா.

ஆனால் தேன் என்று வந்தால் இதைத் திட்ட வாய் வராது. போன செப்டெம்பர் கோல்டன்ராட் பூவின் தேன், முக்கால்வாசி மெழுகு மூடியிருந்ததே, முற்றியிருக்கும் என்று பிழியப் போனவன், சும்மா ஒரு துளி வைத்துப் பார்த்தேன்: ஈரம் 19.5 சதவீதம். தேன்கூட்டுச் சட்டங்களை, காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் ஓடும் அறையில் அடுக்கி, இரண்டு நாளில் 17.8-க்கு இறக்கினேன். அப்படியே வாளியில் அடைத்திருந்தால் தை மாதம் புளித்த வாசம்தான்.

சரி, அவனுக்கு என் பதில்: வாங்காதே. உன்னிடம் தேனீ இல்லை, ஹைட்ரோமீட்டர் போதும், அதுவும் கண்ணாடி என்பதால் இரண்டாக வாங்கு. நான் மட்டும் இறங்கின விலையைப் பார்த்து இன்னொரு ரிஃப்ராக்டோமீட்டருக்கு ஓடர் போட்டேன். வந்ததும் முதல் வேலையாக எண்ணெய்க் குப்பியைப் பெட்டி மூடியோடு டேப் சுற்றி ஒட்டப்போகிறேன்.