பெக்லெக் பொடி: குடல் சுத்தமாவது இரண்டாவது லிட்டரில்தான்

கொலனோஸ்கோப்பிக்கு (கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) முன் குடலைக் கழுவ எழுதித் தரும் பொடி இது. ஒரு பாக்கெட் 137.15 கிராம். அதில் 118 கிராம் பாலிஎத்திலீன் கிளைகால். மிச்சம் சோடியம் சல்பேட், சோடா உப்பு, சாதா உப்பு, பொட்டாசியம் குளோரைடு. முழுப் பாக்கெட்டையும் 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும்.

அந்த அளவில்தான் இதன் அருமை இருக்கிறது. இந்தக் கரைசலை உடம்பு உறிஞ்சாது. இதுவும் உடம்பின் நீரை இழுக்காது. குடித்தது அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறிவிடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சோடியம் பாஸ்பேட் என்ற இன்னொரு குடல் கழுவும் மருந்தைத் தவிர்த்து இதைத் தருவது அதனால்தான். (குடல் அடைப்பு இருந்தால் இதைத் தொடவே கூடாது.) ஒரே லிட்டரில் கெட்டியாகக் கலக்கினால் அந்தக் கணக்கு கெட்டு, வயிறு உப்பி வாந்தி வரும். சர்க்கரை, குளுக்கோஸ் சேர்ப்பது அதைவிடப் பெரிய தவறு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதே குளுக்கோஸால்தான்: அது உப்பையும் நீரையும் குடல் சுவர் வழியே உள்ளே இழுத்துவிடும். இங்கே நமக்கு வேண்டியது நேர் எதிரானது.

ருசி மோசம். உப்புக் கரிக்கும், சல்பேட் வாடையும் அடிக்கும். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, ஸ்ட்ராவால் உறிஞ்சினால் ஓரளவு இறங்கும். நடுவில் எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்ளலாம். 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 250 மில்லி. குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடரலாம்.

பலர் சறுக்குவது நேரத்தில். முந்தின நாள் மாலையே 2 லிட்டரையும் முடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் இறங்கி, வலப்பக்கப் பெருங்குடலில் பசைபோல் படிந்துவிடும். தட்டையான பாலிப்கள் (குடல் சுவரில் வளரும் சிறு கட்டிகள்) கண்ணுக்குத் தப்புவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே மாலையில் ஒரு லிட்டர், பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்னால் இன்னொரு லிட்டர் என்று பிரித்துக் குடிப்பதே சரி. கடைசி மடக்கு பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். காலை 7 மணிக்கு ஸ்கோப் என்றால் விடியற்காலை 2 மணிக்கு எழ வேண்டும்தான். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு.

பொடி எவ்வளவு நல்லதானாலும் சாப்பாடு கெடுத்துவிடும். 2, 3 நாள் முன்பே கீரை, கொய்யா, தக்காளி, கத்தரி, வெண்டை விதைகளை நிறுத்த வேண்டும். விதைகள் ஸ்கோப்பின் உறிஞ்சுகுழாயை அடைக்கும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருப்பாக்கி ஒட்ட வைக்கும் என்பதால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத டீ போதும். பாலும் மோரும் தெளிந்த பானம் ஆகாது. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின், மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது.

கடைசியில் மலம் சிறுநீர்போல் தெளிந்த மஞ்சளாக வந்தால் சரி. காலையிலும் பழுப்பாகவே வந்தால், ஸ்கோப் அறைக்குள் போகும் முன்பே நர்ஸிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.