வேம்பா, புங்கா, மகிழமா?

தாம்பரத்தை அடுத்த எங்கள் முக்கால் கிரவுண்டு மனையில், வீடு எழும்பியபின் ஒரே ஒரு மரத்துக்குத்தான் வாசற்பக்கம் இடம் எஞ்சியது. வேம்பு, புங்கு, மகிழம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்து, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மகிழங்கன்றையே நட்டோம். மூன்றும் நம் மண்ணின் மரங்கள், வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்குபவை, நல்ல நிழல் தருபவை என்பதால் அந்த வகையில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய். பக்கத்து மனையின் வேம்பு எங்கள் மாடிக்கு மேலும் கிளை பரப்பியிருக்கிறது. மாசி, பங்குனியில் அது மொத்தமாக இலை கொட்டும்போது, குழாய் வாயில் கட்டிய வலையின் கண்களுக்குள் அந்தச் சிற்றிலைகள் நழுவி இறங்கி, மழைநீர்த் தொட்டியின் மணலிலும் ஜல்லியிலும் கறுப்புச் சேறாகப் படிந்துவிடுகின்றன. நான்கு நாள் பெருக்காமல் விட்டு, ஒரு கோடைமழையும் பெய்துவிட்டால், மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். போதாததற்கு, காக்கைகள் போடும் வேப்பங்கொட்டை கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைக்கிறது. ஒரு கன்றைப் பிடுங்கியபோது சிமெண்டுப் பூச்சும் கையோடு வந்தது.

முன்பு வாடகைக்கிருந்த வீட்டில் புங்கு நின்றது. அதன் இலை பெரிது என்பதால் வலையைத் தாண்டாது. ஆனால் இலை உதிர்ந்து, பொரி இறைத்ததுபோல் பூ கொட்டி, பின்னர் காயும் விழுவதால் துடைப்பத்துக்கு ஓய்வே இருக்காது.

மகிழமோ ஆண்டு முழுவதும் பச்சையாக நின்று, தடித்த இலைகளைச் சிறிது சிறிதாகவே உதிர்க்கிறது. வாரம் ஒருமுறை பெருக்கினால் போதும். விடியலில் உதிரும் பூக்களை அம்மா பொறுக்கித் துணி அலமாரியில் போட்டுவைக்கிறார். காய்ந்த பின்னும் அவற்றின் மணம் போவதில்லை. (மகிழம்பூ முறுக்குக்குப் பெயர் வந்த காரணம் அந்தப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும்.)

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் ஆண்டிலும் அது என் தோளுயரம்தான் இருந்தது. பழம் தின்ன வரும் வௌவால்கள் சுவரைக் கறைப்படுத்துகின்றன. சுற்றுச்சுவருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றாலும், ஒன்பது வயது மரத்தை வைத்து அதன் வேரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மேற்கு வெயிலுக்கு விரைவில் நிழல் வேண்டுவோர் புங்கையே வைக்கலாம், கிளைகள் மாடிக்கு மேல் படராத தொலைவில்.