மே மாத அந்தமான் டூரில் நாங்கள் ஏமாந்த விதம்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கோடை விடுமுறைக்கு அந்தமான் போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் பணத்தைக் கட்டிவிட்டுப் பாடம் படித்தவன்.

டூர் ஏற்பாடு செய்தவர் புதுச்சேரியில் கடை வைத்திருக்கிறார். வழக்கு நடப்பதால் பெயரை எழுதவில்லை. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர். மே கடைசி வாரத்தில் ஐந்து இரவுகள். விமானம் தவிர, ஹோட்டல், தீவுகளுக்கிடையே கப்பல், கார், காலை உணவு எல்லாம் சேர்த்து ரூ.92,000 என்றார். மற்ற இரண்டு கடைகளைவிடப் பதினைந்தாயிரம் குறைவு. அந்தப் பதினைந்தாயிரம்தான் என் கண்ணை மறைத்தது.

மழை இருக்குமா என்று கேட்காமல் இல்லை. கேட்டேன். அவர் சிரித்தார். "சார், கடலூரில் மே மாதம் மழை பெய்து பார்த்திருக்கிறீர்களா? அங்கேயும் இதே வங்கக் கடல்தான் சார்."

நானும் தலையாட்டினேன். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதானே. தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டது 2011 டிசம்பர் 30 அன்று. ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் 30 அன்று. துறைமுகத்தில் கூண்டு ஏற்றும் செய்தி வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு, அதே கடலின் மறுகோடியில் மழை கொட்டும் என்று தோன்றவே தோன்றாது. ஆனால் அந்தமானின் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே, பெரும்பாலும் மே மூன்றாவது வாரவாக்கில், அந்தமான் கடலைத் தொட்டுவிடுகிறது. அதோடு விடுவதில்லை, நம் வடகிழக்குப் பருவமழையிலும் பங்கு கேட்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் இடம் அது. "அந்தமானில் பருவமழை தொடங்கியது" என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். இங்கே வெயில் எப்போது குறையும் என்று பார்ப்பதற்காக மட்டும் படிக்கிறோம்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இறங்கும்போதே சாரல். அன்று மாலை செல்லுலார் சிறையைப் பார்த்தோம். அம்மா வந்ததே அதற்காகத்தான்; ஒவ்வோர் அறைக் கம்பியையும் தொட்டுத் தொட்டு நடந்தார். இரவு ஹோட்டல் தகரக் கூரையில் மழை இறங்கிய சத்தத்தைக் கேட்டு, "இது ஐப்பசி மழை மாதிரி இருக்கிறதே, உன் ஏஜென்ட் என்ன சொன்னான்?" என்றார். நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்கு, அதாவது ஸ்வராஜ் தீவுக்கு, தனியார் கப்பலில் டிக்கெட். ஐந்தரை மணிக்கே பெட்டி படுக்கையோடு கப்பல் துறையில் நின்றோம். பிள்ளைகள் முழுக்க நனைந்துவிட்டார்கள். அம்மா முறுக்கு டப்பாவைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார். பூர்வீகம் பரமக்குடிப் பக்கமாம். "கடல் கொந்தளிப்பால் இந்தச் சர்வீஸ் ரத்து சார். நேற்று மாலையே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டோமே?"

எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. வராது. டிக்கெட்டில் இருந்தது ஏஜென்ட்டின் கைபேசி எண்.

பத்து மணிக்குத்தான் அவர் போனை எடுத்தார். "கடல் நம் கையிலா இருக்கிறது சார்? வானிலையால் ரத்தானால் பணம் வராது. ரசீதின் பின்பக்கம் பாருங்கள்." பார்த்தேன். எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், உண்மையாகவே இருந்தது. சரி, விதி என்று நானும் விட்டிருப்பேன். எதற்கும் ஒரு முறை கேட்கலாம் என்று கவுன்டருக்குத் திரும்பிப் போனதுதான் அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கப்பல் நிறுவனமே ரத்து செய்தால், வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். எங்கள் டிக்கெட்டுக்கு முந்தின இரவே பணம் கேட்கப்பட்டிருக்கிறது. ஐந்து டிக்கெட்டுக்கு எட்டாயிரத்துச் சொச்சம், வாங்கியவர் கணக்குக்கே போகிறது. தேதியை மாற்றியிருந்தால் அடுத்த கப்பலில் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கும். அதைக்கூடச் செய்யாமல் பணத்தை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஹேவ்லாக் ஹோட்டலுக்கும் ஒரு போன் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டு அறை, இரண்டு இரவு, "ரத்து செய்தால் பணம் திரும்பாது" என்று பச்சை மையில் எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே என் பெயரிலும் முன்பதிவு இல்லை, அவர் கடையின் பெயரிலும் இல்லை.

யோசிக்க யோசிக்கத்தான் கணக்குப் புரிந்தது. மழைக்காலத்தில் தீவு ஹோட்டல்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். நாம் போய் இறங்கும் நாளில் பேரம் பேசி மலிவாகப் பிடித்துக்கொள்ளலாம், மிச்சம் அவருக்கு. கடல் மூடிவிட்டாலோ இன்னும் நல்லது, அறை பிடிக்கவே வேண்டாம். மழை வராது என்று எங்களிடம் சொன்னவருக்கு மழை வந்தால்தான் லாபம்.

போர்ட் பிளேரில் இரண்டு இரவுகள் சொந்தப் பணத்தில் தங்கினோம், ஒன்பதாயிரம். நான்காம் நாள் வரிசையில் நின்று அரசுக் கப்பலில் டிக்கெட் வாங்கி ஹேவ்லாக் போய் ஒரே ஓர் இரவு இருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மகன் பாதி வழி வாந்தி எடுத்தான். ராதாநகர் கடற்கரையில் குளிக்க விடவில்லை. அவருடைய பயணத் திட்டத்தில் "மாலை 6.30, ராதாநகரில் சூரிய அஸ்தமனம்" என்று இருந்தது. மேகம் இல்லாவிட்டாலும் பார்த்திருக்க முடியாது. இந்திய நேரம்தான் என்றாலும் கிழக்கே வெகுதூரம் இருப்பதால் அங்கே அந்த மாதத்தில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆறரை என்பது கடலூர் நேரம். அதேபோல் ஜாலிபாய் தீவையும் சேர்த்திருந்தார். மழைக்காலத்தில் அதை மூடிவிட்டு ரெட்ஸ்கின் தீவைத் திறப்பார்கள் என்பது அங்குள்ள ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த மனிதர் அந்தமானுக்குப் போனதே இல்லை என்று நான் இப்போது நம்புகிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால் ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் போங்கள். மே மாதம்தான் முடியும் என்றால் கப்பல் டிக்கெட்டை உங்கள் கைபேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு கொண்டு நீங்களே எடுங்கள். ஏஜென்ட் வழியாகத்தான் என்றால், உங்கள் எண்ணைப் போடச் சொல்லி டிக்கெட்டைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஹோட்டல்களுக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நேரடியாகப் போன் செய்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரிலேயே இருங்கள். தீவில் மாட்டிக்கொண்டால் விமானம் காத்திருக்காது.

திரும்பி வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். கடைக்காரர் பதிலே தரவில்லை. பிறகு கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அந்தப் பச்சை மைத் தாளையும், கவுன்டர் திரையை அன்று எடுத்த படத்தையும் சேர்த்திருக்கிறேன்.

நோட்டீஸ் போன மறுநாள் அவரே அழைத்தார். இருபதாயிரம் தருகிறேன் என்றார். வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "பணமாக இல்லை சார், தீபாவளி விடுமுறைக்கு அந்தமான் டூர் போடுகிறோம், அதில் கழித்துக்கொள்கிறேன்" என்றார்.