டிஷ்வாஷர் மாட்ட வந்தவர் கம்பெனி ஆளே இல்லை, 14,350 ரூபாய் போச்சு

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் நிஜமான கம்பெனி டெக்னீஷியன் எங்கள் சமையலறையில் குந்தி உட்கார்ந்து, டிஷ்வாஷரின் கீழ்த்தட்டை வெளியே எடுத்து வைத்து, உப்புத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "மேடம், இதுல என்ன போட்டீங்க?" என்றார். "உப்புதாங்க." "என்ன உப்பு?" அந்தக் கேள்வியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

போனது 14,350 ரூபாய். மெஷின் விலை இதில் சேராது. முதல் தடவையாக வீட்டில் டிஷ்வாஷர் வைக்கப்போகிறவர்கள் என்னைப் போல ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் ஒவ்வொன்றாக, விளக்கமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது சென்னை மேடவாக்கத்தில். பாத்திரம் கழுவ வந்துகொண்டிருந்த அக்காவுக்கு முழங்கால் வலி, தீபாவளியோடு நின்றுவிட்டார். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள். இரவு பத்து மணிக்கு சிங்க்கைப் பார்த்தாலே அழுகை வரும். 2025 செப்டம்பர் 22 முதல் டிஷ்வாஷருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அந்தத் தைரியத்தில், நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் 41,000 ரூபாய்க்கு வாங்கினோம். வரி குறைந்ததில் மூவாயிரத்து ஐநூறு போல மிச்சம் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டேன். அம்மா திருநெல்வேலியிலிருந்து போனில், "ஏட்டி, பாத்திரம் கழுவ நாப்பதாயிரமா? உனக்குக் கை இல்லையா?" என்றாள். அம்மாவிடம் இந்த 14,350 பற்றி இன்னும் சொல்லவில்லை.

மெஷின் சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு போன். "அக்கா, டிஷ்வாஷர் இன்ஸ்டலேஷனுக்குக் கூப்பிடறேன்." மெஷினின் மாடல் சொன்னார். பில் நம்பர் சொன்னார். வீட்டு விலாசம், எத்தனாவது மாடி, எல்லாம் சொன்னார். இவ்வளவும் தெரிந்த ஒருவரை யார் சந்தேகப்படுவார்கள்? "கம்பெனியிலேர்ந்தா தம்பி?" என்று கேட்டேன். "ஆமாக்கா, கடையிலேர்ந்துதான் அனுப்பினாங்க" என்றார். இப்போது யோசித்தால், அது என் கேள்விக்குப் பதிலே இல்லை.

வந்தவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். தரை அழுக்காகும் என்று பழைய பேப்பர் கேட்டு வாங்கி விரித்துக்கொண்டார். காபி கொடுத்தேன், குடித்துவிட்டு டம்ளரைத் தானே சிங்க்கில் வைத்தார். நான் ஏமாந்த இடம் இதுதான். கடையில் அந்த சேல்ஸ்மேன் எவ்வளவோ பேசியும் கூடுதலாக எதையும் தலையில் கட்ட விடாதவள் நான். டம்ளரை எடுத்து வைத்தவரிடம் விழுந்துவிட்டேன்.

பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) எடுத்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் முக்கிக் காட்டினார். 1,180. "பாத்தீங்களாக்கா? இந்தத் தண்ணில ரெண்டே மாசத்துல மெஷின் போயிடும்." எங்களுடையது போர் தண்ணீர். வாளியில் வெள்ளை படியும், ஹீட்டர் காயில் இரண்டு வருடத்தில் ஒருமுறை போகும். அவர் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் அடுத்து அவர் சொன்ன பொய்யும் உண்மை மாதிரியே கேட்டது. "கம்பெனி ஹார்ட் வாட்டர் கிட்" என்று ஒரு உருளையை எடுத்து, தண்ணீர் உள்ளே போகும் குழாயில் மாட்டினார். 4,900. இன்ஸ்டலேஷன் 1,500. "மூணு வருஷம் எக்ஸ்ட்ரா வாரன்டி, மாட்டற அன்னிக்கே எடுத்தாத்தான் இந்த ரேட்டு", 7,950. மொத்தம் 14,350.

யுபிஐயில் ஸ்கேன் செய்தபோது திரையில் வந்தது கடையின் பெயர் இல்லை, கம்பெனியின் பெயரும் இல்லை. ஒரு தனி ஆளின் பெயர். பார்த்தேன். பார்த்துவிட்டும் நாலு எண்ணையும் அடித்தேன். அந்த ஒரு நொடியைத்தான் இன்று மத்தியானத்திலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் உப்பு. "அக்கா, வீட்டுல கல் உப்பு இருக்கா?" என்றார். பானையிலிருந்து நானே அள்ளிக் கொடுத்தேன். புனல்கூட இல்லாமல் கொட்டினார், பாதி வெளியே சிந்தியது. "சாயங்காலமா பாத்திரம் சேந்ததும் ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தெர்மாகோல், அட்டை, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் "நானே கீழ போட்டுடறேன்க்கா" என்று வாரிக்கொண்டு போனார். என்ன பொறுப்பான பையன் என்று அவரிடம் வேறு சொன்னேன்!

அந்தக் குப்பையோடு போனது என்னவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. என் மெஷினோடு ஒரு கிலோ டிஷ்வாஷர் உப்பு, கொஞ்சம் டிடர்ஜென்ட், தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் எவ்வளவு கால்சியமும் மெக்னீசியமும் இருக்கிறது என்பதைப் பார்க்கும் ஒரு சின்னத் தாள் பட்டை, எல்லாம் இலவசமாகவே வருமாம். எல்லாமே அவன் பையில் போய்விட்டது. (முதல் பாராக்களில் "அவர்" என்று எழுதியது பழக்க தோஷம்.)

இன்று வந்த டெக்னீஷியன் பொறுமையாக விளக்கினார், அதையும் எழுதிவிடுகிறேன். டிஷ்வாஷருக்குள்ளேயே தண்ணீரை மென்மையாக்க ஒரு பகுதி இருக்கிறது. அதில் உள்ள ரெசின் மணிகள் தண்ணீரின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துபோனால் உப்புநீர் அவற்றைக் கழுவி மறுபடி தயாராக்கும். அதற்குத்தான் உப்பு, பாத்திரத்தைக் கழுவ இல்லை. சுத்தமான சோடியம் குளோரைடு, பெரிய பரல்களாக இருக்க வேண்டும். கல் உப்பில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும். எதை நீக்க வேண்டுமோ அதையே உள்ளே கொட்டியிருக்கிறோம்! தூள் உப்பும் கூடாது, அதில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. முதல் தடவை உப்புக்கு முன்னால் அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதையும் அவன் செய்யவில்லை. உப்பு சிந்தினால் உடனே மெஷினை ஓட்டிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்டீலை அரிக்கும். நான் சாயங்காலம் வரை பாத்திரம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த 4,900 ரூபாய் "கிட்"டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பாஸ்பேட் உருண்டைகள். வாஷிங் மெஷினுக்கு உப்பு படியாமலிருக்க மாட்டுவார்களே, அதே சாமான். அது கடினத்தை எடுக்காது, படியவிடாமல் கொஞ்சம் தடுக்கும், நல்ல சூட்டில் அதுவும் சரியாக வேலை செய்யாது. போதாக்குறைக்கு எங்கள் மாடிக்கு வரும் கொஞ்சநஞ்ச பிரஷரையும் அது குறைத்துவிட்டதால்தான் பாதி ஓட்டத்தில், தண்ணீர் சரியாக வரவில்லை என்று காட்டும் குழாய்ப் பட விளக்கு எரிந்து மெஷின் நின்றுகொண்டிருந்தது. டிடிஎஸ் மீட்டர் கடினத்தை அளக்கவே அளக்காதாம். கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் ஒரு எண், அவ்வளவுதான். தன்னிடம் இருந்த பட்டையில் அவர் பார்த்தார், எங்கள் தண்ணீர் 600 பிபிஎம்முக்கு மேல். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. என் மெஷினின் கையேட்டில் 50 ஜெர்மன் டிகிரி (கடினத்தை அளக்கும் ஒரு அலகு) வரை தாங்கும் என்று இருக்கிறது, நம் கணக்கில் சுமார் 890 பிபிஎம். ஆக, அந்த உருளையே இல்லாமல், மெஷினில் கடின அளவு செட்டிங்கை மேலே ஏற்றி வைத்து, சரியான உப்பைப் போட்டிருந்தால் இந்தத் தண்ணீரிலேயே மெஷின் ஒழுங்காக ஓடியிருக்கும். அவன் அந்த அளவைத் தொடவே இல்லை, பெட்டியிலிருந்து வந்தபடியே கிடந்தது.

இதெல்லாம் தெரிவதற்கு முந்தைய மூன்று வாரக் கதை தனி. பத்தாம் நாளே எவர்சில்வர் டம்ளரெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல ஆனது. கண்ணாடிக் கிண்ணம் மங்கிப்போனது. அவனுக்குப் போன் போட்டேன். "பைக்ல இருக்கேன்க்கா, கூப்பிடறேன்." மறுநாள், "மாமனார் ஆஸ்பத்திரில இருக்கார்க்கா." அதற்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. நாலாம் நாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

கடைக்குப் போனேன். எனக்கு விற்ற சேல்ஸ்மேன் "லீவு". அடுத்த வாரம் போனால் "வேலைய விட்டுட்டார்". மேனேஜர் ஏசியில் உட்கார்ந்துகொண்டு, "அது எங்க ஆள் இல்லைங்க மேடம், நீங்களா கூப்பிட்டிருப்பீங்க" என்றார். நானா கூப்பிட்டேன்? சரி, என் பில் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும் என்றேன். "டெலிவரி வண்டிக்காரங்க எல்லாம் வெளி ஆளுங்க, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." வண்டிக்கூலி 600 ரூபாய் உங்கள் பில்லில்தானே போட்டிருக்கிறீர்கள் என்றேன். "டிக்கெட் போட்டிருக்கேன், 48 மணி நேரத்துல பேசுவாங்க." 48 மணி நேரத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது: உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்த்துவைக்கப்பட்டது. யாருக்குத் திருப்தி?

கடைசியில் கையேட்டின் பின்னட்டையில் இருந்த கம்பெனி எண்ணுக்கு நேற்று அழைத்தேன். அந்தப் பெண் முதலில் கேட்டதே, "மேடம், உங்க மெஷினுக்கு இன்னும் இன்ஸ்டலேஷன் ரிக்வெஸ்டே வரலையே?" என்றுதான். இன்ஸ்டலேஷன் இலவசம். அவர்கள் ஆள் வந்து மாட்டி, ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார். கூடுதல் வாரன்டி என்று என் சீரியல் எண்ணில் எதுவுமே பதிவாகவில்லை. 7,950 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது ஒரு பளபளப்பான அட்டை, அதில் பாலிசி எண் என்ற இடம் காலி.

இப்போது ரெசின் பகுதியை மாற்ற 6,800 ஆகும் என்கிறார்கள். தவறான உப்பு போட்டதால் கம்பெனி வாரன்டியில் வராது. அந்த டெக்னீஷியன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 14,350க்கு மேல் இது வேறு.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. அவசரமாகச் சில:

பெட்டி வந்து இறங்கினால் யார் போன் செய்தாலும் சரி என்று சொல்லாதீர்கள். கையேட்டில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள், கூகுளில் தேடி எடுக்காதீர்கள். அவர்கள் தரும் புகார் எண்ணை வருகிறவர் சொன்னால்தான் கதவைத் திறக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் நீங்களே எண்ணி எடுத்து வையுங்கள், குப்பையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். டிஷ்வாஷர் உப்பு தவிர வேறு உப்பு வேண்டாம், யார் சொன்னாலும். தனி ஆள் பெயரில் யுபிஐ வந்தால் நிறுத்துங்கள். கையால் பாத்திரம் கழுவும் திரவ சோப்பையும் இதில் போடலாம் என்று அவன் சொன்னான், அதையும் கேட்காதீர்கள், நுரை பொங்கி வெளியே வரும்.

1915க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லையாம், பில்லையும் யுபிஐ ரசீதையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அதற்கும் போகிறேன். மேனேஜரின் பேச்சை இரண்டாம் தடவை போனபோது போனில் பதிவு செய்தும் வைத்திருக்கிறேன்.

மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் யாருக்காவது ஞாயிறு காலையில், பில் நம்பரைச் சொல்லி, "அக்கா" என்று போன் வந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் அந்த மேனேஜர் "நீங்களா கூப்பிட்டிருப்பீங்க" என்று சொல்ல முடியாது.